நாலாம் செவ்வாய்

நாலாம் செவ்வாயிலை என்ரை தையல் மெஷின் ஓடாது.
சங்கானைச் சந்தை தாண்டி ஒழுங்கைக்குள்ளை திரும்பேக்கை
மிஸ்ஸியின்ரை ஸ்கூட்டி ஒருக்கா இருமும்.
உடனை அக்கா டிவியைக் குறைப்பா,
அத்தான் சேட்டைப் போடுவார்,
நான் தைச்சுக்கொண்டிருந்த பிளவுஸ்
ஒரு கையோடை கிடக்கும்.

சுகந்தமலர் மிஸ்ஸி நல்லவ. இதை முதலே சொல்லிப்போட வேணும்.
செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளை வருவா.
என்ரை பேரை முழுசாச் சொல்லுவா, புவனலோஜினி எண்டு.
வீட்டிலை ஒருத்தரும் சொல்லாத நீளம்.
அவவுக்கும் எனக்கும் தொழில் ஒண்டுதான், ஊசி.
என்ரை ஊசிக்குக் காது இருக்கு.

சுவரைப் பாத்துத் திரும்பி நிக்க வேணும்.
சுவரிலை நகைக்கடைக் கலண்டர், போன வருசத்தது.
எந்தச் சாமிப் படம் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது,
நான் திகதிகளைத்தான் எண்ணுறனான்.
மருந்து தடிப்பு, மெல்லத்தான் இறங்கும்.
எள்ளெண்ணெயிலை கரைச்சதாம்.
ஊர் சனிக்கிழமையிலை எரிக்கிற எண்ணெய்
எனக்குச் செவ்வாயிலை.

முதல்முறை நாலு பேர் பிடிச்சவை.
அத்தான், பக்கத்து வீட்டுத் தயாபரன், விதானையார்,
நாலாவது ஆளை இண்டைக்கும் தெரியாது,
பெருவிரலிலை மீன் மணந்தது.
கிணத்துக்கட்டிலை நான் நிண்டது உண்மை.
குரல்கள் கதைச்சதும் உண்மை, இல்லையெண்டு சொல்லேல்லை.
ஊசிக்குப் பிறகு அதுகள் ஒதுங்கிச்சுதுகள்.
அதுகளோடை சேந்து பசி,
தகரத்திலை மழை விழுற சத்தம்,
இன்னும் என்னவோ, பேர் மறந்துபோச்சு.

குளிசையை நாக்குக்கடியிலை ஒளிக்கிறன் எண்டு நினைச்சு
அக்கா அதை இடிச்சுப் புட்டுக்குள்ளை போட்டவ.
கசந்தது. ஒண்டும் கதைக்காமல் சாப்பிட்டன்.
அண்டையிலிருந்து ஆர் எது தந்தாலும்
ஒருக்கா மணந்துதான் வாயிலை வைக்கிறன்.
அதுவும் வருத்தத்தின்ரை குணமாம்.

கிளினிக்கிலை கை நடுங்குது எண்டன்.
டொக்டர் சின்னப் பெடியன்,
நடுக்கத்துக்கு இன்னொரு குளிசை எழுதினார்.
அதாலை வாய் காயுது எண்டன்.
"தண்ணி குடியுங்கோ அக்கா."
ஊசியைக் குறைக்கேலாதோ எண்டு கேட்டன்.
பேனை நிண்டது. மறுமொழி வரேல்லை.
அக்காதான் பகிடி மாதிரிச் சொன்னா,
"பிறகு மந்திகைக்குத்தான் ஏத்த வேண்டிவரும்."
எல்லாரும் சிரிச்சவை.
நானும்.

இப்ப ஒருத்தரும் பிடிக்கிறேல்லை.
ஸ்கூட்டி இருமினவுடனை நானே எழும்பிப் போய்
கலண்டருக்கு முன்னாலை நிப்பன்.
கொப்பியிலை எட்டிப் பாத்தனான், எழுதியிருக்கு:
"நன்றாக ஒத்துழைக்கிறார்."

போன ஐப்பசியிலை ஒரு செவ்வாய்.
அக்காவும் அத்தானும் சண்டிலிப்பாயிலை செத்தவீட்டுக்குப் போட்டினம்.
படலைத் திறப்பு என்னட்டை.
சரியான மழை.
மிஸ்ஸி படலைக்கு அங்காலை ரெயின்கோட்டோடை நிண்டு
கொஞ்சம் சத்தமாக் கேட்டா,
"புவனலோஜினி, உள்ளை வரட்டோ?"

ஏழு வருசத்திலை
ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேக்கேல்லை.
ஓம் எண்டுதான் சொல்லப்போறன், அது எனக்குத் தெரியும்.
எண்டாலும் அந்த ஓமைக்
கொஞ்சநேரம் வாய்க்குள்ளை வைச்சிருந்தன்,
தோடம்பழ இனிப்பு மாதிரி,
கடிக்காமல்.
திறப்பு கைக்குள்ளை சூடாச்சு.
மழை தகரத்திலை விழுந்தது. கேட்டது.

பிறகு திறந்தன்.
"வாங்கோ மிஸ்ஸி, நல்லா நனைஞ்சிட்டியள்."
துவாய் குடுத்தன், தேத்தண்ணி வைச்சன்,
திரும்பி நிண்டன்.

அண்டைக்குக் கொப்பியிலை,
ஒரு துளி விழுந்து மை பரவின இடத்திலை:
"படலை திறக்கத் தயக்கம்.
அவதானிக்கவும்."